கஞ்சாவை விட்ட பிறகும் விடாத தொல்லைகள்: உடலையும் மனத்தையும் மீட்டெடுக்கும் வழிகள்

கஞ்சாவை நிறுத்திய பதினோராம் நாள் இரவு இரண்டரை மணிக்கு என் தம்பி என் அறைக் கதவைத் தட்டினான். மின்விசிறி முழு வேகத்தில் ஓடியும் அவன் சட்டை முதுகோடு ஒட்டி நனைந்திருந்தது. "அக்கா, விட்டா சரியாயிடும்னு சொன்னாங்க. விட்டப்புறம்தான் ரொம்ப மோசமா இருக்கு" என்றான். நான்கு ஆண்டுகள் நாள்தோறும் புகைத்தவன் அவன். அன்று அவனுக்குச் சொல்ல என்னிடம் பதில் எதுவும் இருக்கவில்லை. அடுத்த ஓராண்டில் மருத்துவர்களிடம் கேட்டும் அவன் பக்கத்திலேயே இருந்து பார்த்தும் தெரிந்துகொண்டவற்றை, அதே நிலையில் இருக்கும் ஒருவருக்கும் அவர் வீட்டாருக்கும் பயன்படட்டும் என்று எழுதுகிறேன்.

தொடக்கத்திலேயே ஓர் எச்சரிக்கை. இங்கே எழுதியிருப்பது கஞ்சாவுக்கு மட்டுமே பொருந்தும். நாள்தோறும் மது அருந்தியவரோ தூக்க மாத்திரைகளை நெடுநாள் விழுங்கியவரோ அவற்றைத் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரக்கூடும், உயிருக்கே ஆபத்தாகலாம். வலி நிவாரணி மாத்திரைகளைப் போதைக்காகப் பயன்படுத்தியவர்களுக்கும் மருத்துவ மேற்பார்வை வேண்டும். கஞ்சாவோடு இவற்றில் ஏதேனும் ஒன்று சேர்ந்திருந்தால், நிறுத்தும் நாளைக் குறிப்பதற்கு முன்பே மருத்துவரைப் பாருங்கள்.

எத்தனை நாள் ஆகும்

நம் மூளையில் பசி, தூக்கம், பயம், வலி, நினைவு ஆகியவற்றைச் சமன்படுத்துவதற்கென்றே சில ஏற்பிகள் இருக்கின்றன. உடல் தானே சுரக்கும் பொருள்கள் அவற்றில் அளவாக வந்து பொருந்தும். கஞ்சாவில் உள்ள டி.எச்.சி. என்ற வேதிப்பொருள் அதே இடத்தில் அளவுக்கு மீறி வந்து குவியும்போது, மூளை தற்காப்பாக அந்த ஏற்பிகளின் எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்கிறது. பிறகு ஒருநாள் கஞ்சாவை நிறுத்தினால், வெளியிலிருந்து வந்ததும் இல்லை, உள்ளே வாங்கிக்கொள்ளப் போதிய ஏற்பிகளும் இல்லை. பசி எடுக்காமல் போவதும் உறக்கம் கெடுவதும் காரணமில்லாமல் கோபம் பொங்குவதும் அந்த இடைவெளியில்தான். நாள்தோறும் புகைத்தவர்களின் மூளையைப் படமெடுத்து ஆராய்ந்து 2012-இல் அமெரிக்காவில் வெளியிட்ட ஆய்வொன்று, ஏறத்தாழ நான்கு வாரம் முற்றிலும் நிறுத்தியிருந்தவர்களிடம் இந்த ஏற்பிகள் பெரும்பாலும் பழைய நிலைக்குத் திரும்பியிருந்ததைக் காட்டியது. 28 நாள் என்ற கணக்கை என் தம்பிக்கு மருத்துவர் இந்த அடிப்படையில்தான் சொன்னார்.

தொல்லைகள் பொதுவாக நிறுத்திய ஒன்றிரண்டு நாளில் தொடங்கி, முதல் வாரத்தில் உச்சத்தைத் தொட்டு, இரண்டு மூன்று வாரங்களில் தணியும். உறக்கக் கேடும் விசித்திரக் கனவுகளும் மட்டும் ஒரு மாதத்தைத் தாண்டியும் நீடிக்கலாம். எனவே பதினோராம் நாள் வியர்வையில் நனைந்து எழுந்தவனுக்கு எதுவும் தவறாகப் போய்விடவில்லை. அவன் தணியும் பாதையின் நடுவில்தான் இருந்தான். இதை அன்றே யாராவது சொல்லியிருந்தால், மறுநாள் அவன் பழைய நண்பனைத் தேடிப் போயிருக்க மாட்டான் என்று இன்றும் நினைக்கிறேன்.

டி.எச்.சி. கொழுப்பில் கரைவதால் உடலில் தங்கி மெல்ல வெளியேறுகிறது. நெடுங்காலம் நாள்தோறும் புகைத்தவரின் சிறுநீரில் ஒரு மாதம் வரையிலும், சிலருக்கு அதற்கு மேலும் அதன் தடயம் தெரியும். பரிசோதனையில் தடயம் தெரிவதற்கும் உடல்நலம் திரும்புவதற்கும் நேர்த் தொடர்பு இல்லை. உடலைக் 'கழுவி' எடுப்பதாகச் சொல்லி விற்கப்படும் பானங்களுக்கும் பொடிகளுக்கும் பணம் செலவழிக்க வேண்டாம். அந்தப் பணத்துக்கு முட்டையும் பழமும் வாங்கலாம்.

நிறுத்தும்போது கூடவே வரும் சிக்கல்கள்

நம்மிடையே கஞ்சாவைத் தனியாகப் புகைப்பவர் குறைவு. சிகரெட்டிலிருந்து புகையிலையை உதிர்த்து, அதோடு கலந்து, மீண்டும் அதே காகிதத்தில் அடைத்துப் புகைப்பதுதான் வழக்கம். ஆகவே கஞ்சாவை நிறுத்தும் நாளில் பலர் தம்மை அறியாமலே நிகோட்டினையும் நிறுத்திவிடுகிறார்கள் அல்லது கஞ்சாவுக்கு ஈடாக சிகரெட்டைக் கூட்டிவிடுகிறார்கள். இரண்டுமே இடர்தான். எரிச்சலும் அமைதியின்மையும் இரண்டு திசையிலிருந்தும் ஒரே நேரத்தில் தாக்கினால் தாங்குவது கடினம். புகையிலையையும் விடுவது என்று முடிவெடுத்தால், நிகோட்டின் சூயிங்கம் எவ்வளவு, எத்தனை வாரம் என்பதை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். புகையிலையைப் பிறகு பார்க்கலாம் என்று முடிவெடுத்தாலும் தவறில்லை. ஆனால் கஞ்சா கலந்து உருட்டிய அந்தக் கைப்பழக்கமே ஆசையைக் கிளப்பும் என்பதால், காகிதம், வடிகட்டி, தீப்பெட்டி, பொட்டலம் ஒளித்துவைத்த டப்பா ஆகிய அனைத்தையும் வீட்டைவிட்டு அகற்றிவிடுங்கள்.

அதிகம் பேருக்குத் தெரியாத இன்னொன்று காப்பி. புகையில் உள்ள சில பொருள்கள், காஃபினைச் சிதைக்கும் கல்லீரல் நொதியின் வேகத்தைக் கூட்டிவைத்திருக்கின்றன. புகை நின்றதும் அந்த வேகம் குறைகிறது. அதே இரண்டு குவளைக் காப்பி முன்பைவிட அதிக நேரம் உடலில் தங்கி, படபடப்பையும் தூக்கமின்மையையும் வளர்க்கிறது. நிறுத்திய வாரத்திலேயே காப்பியையும் தேநீரையும் பாதியாகக் குறைத்து, நண்பகலுக்குப் பிறகு அறவே தவிர்ப்பது நல்லது.

இதே நொதிதான் ஒலான்சபின், க்ளோசபின் போன்ற மனநல மருந்துகளையும் சிதைக்கிறது. அவற்றை ஏற்கெனவே உட்கொள்பவர் புகையை நிறுத்தினால் இரத்தத்தில் மருந்தின் அளவு உயரலாம். அப்படிப்பட்டவர்கள் நிறுத்துவதற்கு முன் தம் மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். மருந்தைத் தாமாகக் குறைக்கவும் கூடாது.

உறக்கம்

மீண்டவர்களிடம் கேட்டுப் பாருங்கள், எல்லாரும் முதலில் சொல்வது உறக்கத்தைத்தான். கஞ்சா கனவு வரும் உறக்கநிலையை அமுக்கிவைக்கிறது. நிறுத்தியதும் அந்த நிலை வட்டியோடு திரும்புகிறது. கனவுகள் மிகத் தெளிவாகவும் சில சமயம் கொடூரமாகவும் இருக்கும். பாதிக்கும் மேற்பட்ட கனவுகளில் தான் மறுபடியும் புகைத்துவிட்டதாகவே கண்டு, குற்றவுணர்வோடு விழித்ததாகத் தம்பி சொன்னான். அந்தக் கனவுக்குப் பொருள் தேட வேண்டியதில்லை. அது வந்து போகட்டும்.

செய்ய வேண்டியவற்றுள் முதன்மையானது, எத்தனை மணிக்கு உறங்கினாலும் காலையில் ஒரே நேரத்தில் எழுவது. நான்கு மணிக்குத்தான் கண் அயர்ந்தது என்பதற்காகப் பத்து மணி வரை படுத்திருந்தால் அடுத்த இரவும் அப்படியே கழியும். நாங்கள் ஆறரை மணி என்று வைத்துக்கொண்டோம். எழுந்ததும் மொட்டைமாடிக்குப் போய், செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றும் சாக்கில் அரை மணிநேரம் வெயிலில் நிற்பான். பகலில் உறக்கம் தாங்க முடியாமல் போனால் மூன்று மணிக்கு முன் இருபது நிமிடம் மட்டும் படுக்கலாம். மாலையில் வியர்க்க நடப்பது அல்லது மிதிவண்டி ஓட்டுவது அந்த இரவின் உறக்கத்துக்கு உதவும். படுக்கும் நேரத்தில் கடும் உடற்பயிற்சி கூடாது. படுத்து அரை மணிநேரமாகியும் உறக்கம் வரவில்லையென்றால் எழுந்து, மங்கலான வெளிச்சத்தில் ஏதாவது சலிப்பூட்டும் வேலை பார்த்துவிட்டு, கண் சொக்கும்போது திரும்பிப் படுக்க வேண்டும். அவன் வெங்காயம் உரிப்பான். எங்கள் வீட்டில் அந்த மாதம் காலைச் சாம்பாருக்குச் சின்ன வெங்காயம் எப்போதும் உரித்துத் தயாராக இருந்தது.

இரவு வியர்வைக்குப் பருத்தித் துணியும் கூடுதலாக ஒரு தலையணை உறையும் படுக்கைக்கு அருகில் இருந்தால் போதும். நனைந்ததை மாற்றிவிட்டு மறுபடியும் படுக்கலாம். ஆனால் காய்ச்சல், தொடர் இருமல், எடைக்குறைவு ஆகியவற்றோடு இரவு வியர்வை சேர்ந்து வந்தால் காசநோய்ப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். ஒரே குழலையோ சிகரெட்டையோ பலர் மாற்றிமாற்றி இழுக்கும் சூழலில் இருந்தவர்கள் இதை அலட்சியப்படுத்தக் கூடாது. அரசு மருத்துவமனைகளில் இந்தப் பரிசோதனை இலவசம்.

மருந்துக்கடையில் தெரிந்தவரிடம் கேட்டு அல்பிரசோலம் போன்ற பதற்றம் தணித்து உறக்கமூட்டும் மாத்திரையை வாங்கி விழுங்காதீர்கள். முதல் வாரம் அது அற்புதமாகத்தான் வேலை செய்யும். பிறகு அதுவே அடுத்த பழக்கமாகிவிடும். அதிலிருந்து வெளியேறுவது கஞ்சாவிலிருந்து வெளியேறுவதைவிடக் கடினம். உறங்குவதற்காக இரண்டு பெக் மது என்பதும் இதே கதைதான். நல்ல உறக்கத்துக்கு என்று யாராவது தரும் நாட்டு லேகியத்தையும் கேட்டுப் பார்க்காமல் சாப்பிடக் கூடாது. சில லேகியங்களில் கஞ்சா இலையே சேர்க்கப்படுவது உண்டு.

பசியும் உணவும்

முதல் பத்து நாள் சோற்றைப் பார்த்தாலே வெறுப்பு வரும். வற்புறுத்தித் தட்டை நிரப்புவதால் சண்டைதான் மிஞ்சும். இரண்டு மணிநேரத்துக்கு ஒருமுறை சிறிது சிறிதாக, கேழ்வரகுக் கூழ், மோர், அரிசிக் கஞ்சி, வாழைப்பழம், இளநீர், வேகவைத்த முட்டை என்று கொடுத்தால் உடல் ஏற்கும். இரண்டாவது வார இறுதியில் பசி தானாக எட்டிப்பார்க்கும்.

வெந்நீரால் மட்டும் அடங்கும் வாந்தி

மருத்துவமனைகளிலேயே அடிக்கடி தவறவிடப்படும் ஒரு நோய் இது என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். ஆண்டுக்கணக்கில் அடிக்கடி கஞ்சா புகைத்தவர்கள் சிலருக்கு, காலையில் குமட்டல், பிறகு வயிற்றின் மேற்பகுதியில் வலி, பிறகு ஒருநாளில் பலமுறை வாந்தி என்று சுற்றுச்சுற்றாக வரும். இடையில் வாரக்கணக்கில் ஒன்றும் இருக்காது. புற்றுநோயாளிகளின் வாந்தியை அடக்க உதவும் பொருள் என்று கஞ்சாவைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பவர்கள், குமட்டல் தணிய மேலும் புகைப்பார்கள். நோய் மேலும் முற்றும். தென் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு மலைப்பகுதியில் இத்தகைய நோயாளிகளைக் கூர்ந்து கவனித்த மருத்துவர்கள் 2004-இல் இதை முதன்முதலாக விவரித்து எழுதினார்கள். அவர்கள் கவனித்த விந்தையான அடையாளம், நோயாளிகள் வெந்நீரில் குளிக்கும்போது மட்டும் தொல்லை அடங்குவதும், அதற்காகவே ஒரு நாளில் பலமுறை குளிப்பதும்.

தம்பிக்கு இது நிறுத்துவதற்கு எட்டு மாதம் முன்பே தொடங்கியிருந்தது. குளியலறையில் முக்காலி போட்டு உட்கார்ந்து, கொதிக்கக் கொதிக்க வெந்நீரை வயிற்றில் ஊற்றிக்கொண்டிருப்பான். தோள்பட்டையிலிருந்து தொடை வரை தோல் சிவந்திருக்கும். தண்ணீர் ஆறியதும் வாந்தி மறுபடியும் தொடங்கும். அருகிலிருந்த ஒரு தனியார் மருத்துவமனையில் மூன்று முறை 'கேஸ் ட்ரபிள்' என்று ஊசி போட்டு அனுப்பினார்கள், எண்டோஸ்கோப்பி செய்தார்கள், பித்தப்பையை எடுத்துவிடலாமா என்றுகூடப் பேச்சு வந்தது. கஞ்சா புகைக்கிறாயா என்று ஒருவரும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. நான் உடன் நின்றதால்தான் அவன் சொல்லவில்லை என்பது பிறகுதான் எனக்குப் புரிந்தது. நோயாளியோடு வருபவர்கள் ஐந்து நிமிடமாவது வெளியே சென்று, மருத்துவரிடம் அவர் தனியாகப் பேச இடம் கொடுக்க வேண்டும்.

இந்த நோய்க்கு முழுத் தீர்வு கஞ்சாவை அறவே நிறுத்துவது ஒன்றே. நிறுத்திய பிறகும் சில நாள்கள் முதல் சில வாரங்கள் வரை வாந்தி தலைகாட்டலாம். அந்த நாள்களில் உண்மையான ஆபத்து, நீர்ச்சத்தும் உப்புகளும் குறைந்து சிறுநீரகம் பாதிக்கப்படுவதுதான். மருந்துக்கடையில் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை அதில் அச்சிட்டுள்ள அளவுத் தண்ணீரில் கரைத்து, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒன்றிரண்டு கரண்டியாகப் பருகக் கொடுங்கள். பொட்டலம் இல்லையென்றால், காய்ச்சி ஆறவைத்த ஒரு லிட்டர் தண்ணீரில் தட்டையாக வழித்த 6 தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலந்துகொள்ளலாம். அட்டைப் பெட்டியில் வரும் இனிப்புப் பானங்கள் இதற்கு ஈடாகாது. சிறுநீர் எட்டு மணிநேரமாக வராமலிருந்தாலும், வாந்தியில் இரத்தம் தெரிந்தாலும், தலைசுற்றி நிற்க முடியாமல் போனாலும், பருகியது எதுவும் தங்காமல் போனாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். அங்கே சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினினையும், சோடியம், பொட்டாசியம் ஆகிய உப்புகளையும் பார்க்கச் சொல்லுங்கள்.

வழக்கமான வாந்தி ஊசிகள் இதற்குப் பெரும்பாலும் பலிப்பதில்லை. ஹாலோபெரிடால் போன்ற மருந்துகளையும், மிளகாயின் காரப்பொருளான கேப்சைசின் கலந்த களிம்பை வயிற்றில் தடவுவதையும் மருத்துவர்கள் பயன்படுத்துகிறார்கள். இதைக் கேள்விப்பட்டு யாரும் வீட்டில் மிளகாய்ப்பொடியைக் குழைத்துத் தடவக் கூடாது, தோல் வெந்துபோகும். வெந்நீர்க் குளியலையும் கையால் தொட்டுச் சூடு பார்த்தபிறகே அனுமதிக்க வேண்டும். வலி அடங்கும் ஆறுதலில் தோல் வேகுவது அவர்களுக்குத் தெரிவதில்லை.

பயமும், எல்லாம் பொய்யாகத் தோன்றும் நிலையும்

ஒரே ஒருமுறை அளவு மீறிப் புகைத்துவிட்டு, அந்த இரவின் பயம் வாரக்கணக்கில் விடாமல் துரத்துவதாகச் சொல்பவர்களும் உண்டு. இதயம் குதிரையாய் ஓடும், மூச்சு முட்டும், இப்போதே செத்துவிடுவேன் என்று தோன்றும். முதன்முறை நெஞ்சுவலியோடு இப்படி வந்தால், இளவயதுதானே என்று இருந்துவிடாமல் மருத்துவமனைக்குச் சென்று ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்துவிட வேண்டும். கஞ்சா இதயத் துடிப்பைக் கூட்டும் பொருள். தைராய்டு, இரத்தச் சர்க்கரை, ஹீமோகுளோபின் ஆகியவற்றையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளலாம். தைராய்டு மிகுதியும் இரத்தசோகையும் இதே படபடப்பைத் தரும். அவை சரியாக இருந்தால், வந்திருப்பது பீதித் தாக்கம் என்று துணிந்து எடுத்துக்கொள்ளலாம். அது பத்து நிமிடத்தில் உச்சிக்குச் சென்று தானே இறங்கும். உள்ளிழுப்பதைவிட வெளிவிடும் மூச்சு நீளமாக இருக்கும்படி மெதுவாக ஊதுங்கள். ஈரத்துணியால் முகத்தைத் துடையுங்கள். பயம் வந்த இடத்திலேயே அது இறங்கும்வரை இருந்துவிட்டு எழுந்திருங்கள்; பேருந்தில் வந்தது என்று பேருந்தையும், கடையில் வந்தது என்று கடையையும் தவிர்க்கத் தொடங்கினால், இறுதியில் வீட்டின் ஓர் அறை மட்டுமே மிஞ்சும்.

சிலருக்குக் கண்ணாடிக்கு அப்பாலிருந்து உலகத்தைப் பார்ப்பதுபோலவும், தம் கையே தமதல்லாததுபோலவும், அம்மாவின் குரல் எங்கோ தூரத்தில் கேட்பதுபோலவும் தோன்றும். எனக்குப் பைத்தியம் பிடிக்கிறதா என்ற அச்சம் இதோடு வரும். 'போல' இருக்கிறது என்று அவரால் சொல்ல முடிகிறது என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. உண்மை எது, தோற்றம் எது என்ற அறிவு கலையவில்லை. பெரும்பாலோருக்கு நிறுத்திய சில வாரங்களில் இது மங்கிவிடும். நாள் முழுவதும் தன்னையே உற்றுப்பார்த்து, இப்போது சரியாகிவிட்டதா என்று சோதித்துக்கொண்டே இருப்பது இதற்கு எண்ணெய் வார்க்கும். கையால் செய்யும் வேலை நல்லது. சப்பாத்தி மாவு பிசைவதும் வண்டியைத் துடைப்பதும்கூட உதவும். ஒரு மாதத்துக்குப் பிறகும் விடவில்லையென்றால் மனநல மருத்துவரையோ உளவியலாளரையோ பார்க்க வேண்டும். பேச்சுவழிச் சிகிச்சைக்கு இதில் நல்ல இடமுண்டு.

காத்திருக்கவே கூடாத அறிகுறிகள்

மேலே சொன்னவற்றுக்கெல்லாம் பொறுமை மருந்தாகும். இதற்கு ஆகாது. ஆளில்லாத இடத்தில் குரல் கேட்பதாகச் சொன்னாலும், அண்டைவீட்டார் தன்னைக் கண்காணிக்கிறார்கள், உணவில் நஞ்சு கலந்திருக்கிறது, தொலைக்காட்சியில் தன்னைப் பற்றியே பேசுகிறார்கள் என்று ஐயமின்றி நம்பினாலும், நாள்கணக்கில் உறக்கமின்றிக் களைப்பே இல்லாமல் திரிந்தாலும், பேச்சு ஒன்றோடொன்று ஒட்டாமல் போனாலும் அன்றே மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும். சாக வேண்டும் என்ற பேச்சு எழுந்தால் ஒரு மணிநேரம்கூடத் தனியே விடக் கூடாது.

கஞ்சா இறங்கியதும் சரியாகிவிடும் என்று சொல்பவர்கள் உங்களைச் சுற்றிலும் இருப்பார்கள். கஞ்சாவால் மனச்சிதைவு அறிகுறிகள் வந்து சிகிச்சை பெற்றவர்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து டென்மார்க்கில் செய்து 2018-இல் வெளியான ஆய்வில், அவர்களுள் ஏறத்தாழப் பாதிப் பேருக்குப் பின்னாளில் மனச்சிதைவு நோயோ, மிகை எழுச்சியும் கடுஞ்சோர்வும் மாறிமாறி வரும் இருமுனை மனநோயோ உறுதியானது. அறிகுறிகள் அடங்கிய பிறகும் மருத்துவர் தொடர்ந்து வரச்சொல்வது இதனால்தான். முதல் மாத மருந்தோடு நிறுத்திவிடாதீர்கள். கோயிலுக்கோ தர்காவுக்கோ அழைத்துச் செல்வது உங்கள் நம்பிக்கை. மாத்திரை டப்பாவையும் கூடவே எடுத்துச் செல்லுங்கள். ஒருமுறை இந்த நிலை வந்தவர் மீண்டும் கஞ்சாவைத் தொட்டால் அது திரும்பி வரும் வாய்ப்பு மிகுதி என்பதால், 'எப்போதாவது ஒன்று' என்ற பேச்சுக்கே அவர் விஷயத்தில் இடமில்லை.

படிப்பும் நினைவும்

நிறுத்தியவர்களுள் மாணவர்கள் அதிகம் அஞ்சுவது இதற்குத்தான். 16 முதல் 25 வயது வரையுள்ளவர்களிடம் அமெரிக்காவில் செய்த ஓர் ஆய்வில், நிறுத்திய முதல் வாரத்திலேயே புதியதைக் கற்று நினைவில் வைக்கும் திறன் கூடியது தெரிந்தது. எனவே தேர்வு நெருங்குகிறது, முடிந்ததும் விடலாம் என்று தள்ளிப்போடுவதில் பொருளில்லை. முதல் மாதம் இருபது நிமிடம் படிப்பு, ஐந்து நிமிட ஓய்வு என்று பிரித்துக்கொண்டு, படித்ததைப் புத்தகத்தை மூடிவைத்து எழுதிப் பாருங்கள். மிக இளம்வயதில் தொடங்கியவர்களுக்குத் திறன் திரும்புவது தாமதமாகலாம். அவர்களிடம் மதிப்பெண்ணைப் பற்றிப் பேசுவதை ஓர் அரையாண்டு ஒத்திவைப்பது நலம்.

எங்கே போவது, எதற்கு அஞ்ச வேண்டியதில்லை

காவல்துறையில் மாட்டிவிடுவார்களோ என்ற பயத்திலேயே பலர் மருத்துவமனைப் படியேறுவதில்லை. இந்தியாவின் 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 64ஏ பிரிவு, போதைப் பழக்கத்துக்கு ஆளான ஒருவர், பயன்படுத்திய குற்றத்துக்கோ சிறிய அளவு வைத்திருந்த குற்றத்துக்கோ உள்ளானாலும், அரசு நடத்தும் அல்லது அரசு அங்கீகரித்த இடத்தில் தாமாக முன்வந்து சிகிச்சை பெற்றால் அந்த வழக்கு நடவடிக்கையிலிருந்து விலக்குத் தருகிறது. சிகிச்சையைப் பாதியில் கைவிட்டால் அந்த விலக்கைத் திரும்பப் பெறவும் இடமுண்டு. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், போதைப் பழக்கத்தோடு தொடர்புடைய மனநிலைகளையும் மனநோய் என்ற வரையறைக்குள் சேர்த்து, நோயாளியின் விவரங்களை இரகசியமாக வைத்திருக்கும் கடமையை மருத்துவர்களுக்கு விதிக்கிறது.

இந்தியாவில் 14446 என்ற எண் போதை மீட்புக்கான தேசிய உதவி எண். 14416 என்ற டெலி மனாஸ் எண்ணில் தமிழிலேயே மனநல ஆலோசனை கிடைக்கும். தமிழ்நாட்டில் 104-ஐயும் அழைக்கலாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. 1794-இல் தொடங்கிய சென்னைக் கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகத்தின் பெயரைக் கேட்டதும் முகம் சுளிப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்; அங்கே புறநோயாளியாகச் சென்று மாத்திரை வாங்கிக்கொண்டு மாலையில் வேலைக்குப் போகிறவர்களும் இருக்கிறார்கள். இலங்கையில் 1926 தேசிய மனநல உதவி எண்.

தனியார் மறுவாழ்வு மையத்தில் சேர்க்க நினைத்தால், பணம் கட்டுவதற்கு முன் நேரில் சென்று பாருங்கள். மாநில மனநல ஆணையத்தில் பதிவு இருக்கிறதா, மனநல மருத்துவர் வாரத்தில் எந்தெந்த நாள் வருகிறார், குடும்பத்தார் தனியே சந்திக்க முடியுமா, வெளியே தொலைபேசியில் பேச அனுமதி உண்டா என்று கேளுங்கள். ஆள் அனுப்பி நள்ளிரவில் தூக்கிக்கொண்டு போகிறோம் என்று சொல்லும் இடத்துக்குப் பிள்ளையை அனுப்பாதீர்கள். நோயாளியைச் சங்கிலியால் பிணைப்பதை 2017-ஆம் ஆண்டுச் சட்டம் எந்த வடிவத்திலும் தடை செய்திருக்கிறது. கஞ்சாவை மட்டும் நிறுத்தும் பெரும்பாலோருக்குத் தங்கிச் சிகிச்சை தேவைப்படுவதே இல்லை. வாரமொருமுறை ஆலோசனையும் வீட்டில் ஒரு துணையும் போதும்.

வழுக்கி விழுந்தால்

முதல் மூன்று மாதங்களில் ஒருமுறையாவது மறுபடியும் புகைத்துவிடுபவர்கள் நிறைய. தம்பி பன்னிரண்டாம் நாள் விழுந்தான். பிறகு ஐம்பத்தாறாம் நாள். முதல்முறை நான் கத்தினேன். நான்கு நாள் அவன் என்னோடு பேசவில்லை. அந்த நான்கு நாளும் புகைத்தான். இரண்டாம்முறை, "எங்கடா, யார்கூட, எத்தனை மணிக்கு?" என்று மட்டும் கேட்டேன். சம்பளம் வந்த மாலை, வேலை முடிந்த களைப்பு, பழைய டீக்கடை என்று மூன்றும் சேர்ந்திருந்தது தெரிந்தது. அடுத்த மாதம் முதல் சம்பள நாளன்று அவனை அலுவலக வாசலிலேயே போய் அழைத்துக்கொண்டேன். விழுந்த நாளைத் தூண்டிய இடம், நேரம், ஆள் ஆகியவற்றைக் குறித்துவைத்து, அடுத்தமுறை அந்த மூன்றில் ஒன்றையாவது மாற்றிவிட வேண்டும். இடைவெளிக்குப் பிறகு பழைய அளவைப் புகைத்தால் பீதியும் வாந்தியும் முன்பைவிடக் கடுமையாகத் தாக்கக்கூடும் என்பதையும் அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஆசை எழும் நேரம் நீளமானதல்ல. கால் மணிநேரம் நடந்தால் பெரும்பாலும் தணியும்.

மருத்துவரிடம் போகும்போது ஒரு முழுத்தாளை எடுத்துச் செல்லுங்கள். எந்த வயதில் தொடங்கியது, நாளுக்கு எத்தனை முறை, எதோடு கலந்து, கடைசியாக எந்த நாள், கூடவே மதுவோ மாத்திரையோ உண்டா, இப்போது உட்கொள்ளும் மருந்துகள், குடும்பத்தில் யாருக்காவது மனநோய் இருந்ததா, கடந்த ஏழு இரவுகளில் எத்தனை மணிநேரம் உறக்கம், எத்தனை முறை வாந்தி, எடை எவ்வளவு குறைந்தது ஆகிய அனைத்தும் அதில் இருக்கட்டும். அதை நோயாளியே தம் கையால் எழுத வேண்டும். தம்பி எழுதிய தாளில் கடைசி வரியாக, நான் கேட்காமலே, 'இதெல்லாம் அக்காவுக்குத் தெரியும்' என்று எழுதியிருந்தான். மருத்துவர் அதைப் படித்துவிட்டு என்னை உள்ளே கூப்பிட்டார்.